அலகிடுவோர் எழுதுவோராக: ஒன்பதாம் வகுப்பில் குறள் வெண்பா

குறளை அலகிட்டு வாய்பாடு எழுதச் சொன்னால் நம் பத்தாம் வகுப்பு மாணவர்களில் பெரும்பாலோர் எழுதிவிடுவார்கள். கட்டம் போட்டு, சீர் பிரித்து, நேர் நிரை குறித்து, ஈற்றுச் சீருக்கு மட்டும் மறக்காமல் நாள், மலர், காசு, பிறப்பு ஆகியவற்றில் ஒன்றை எழுதி மதிப்பெண்ணை முழுதாக வாங்கிவிடுவார்கள். அதே மாணவரிடம், "நீயே ஒரு குறள் வெண்பா எழுது" என்று சொல்லிப் பாருங்கள். மிதிவண்டியின் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்துக் காட்டியவரை வண்டியில் ஏறி ஓட்டச் சொன்னதுபோல் விழிப்பார்.

இன்னொரு பக்கம், பள்ளிகளில் கவிதைப் போட்டிகள் நடக்கின்றன. கலைத் திருவிழா, ஆண்டு விழா, தலைவர்களின் பிறந்தநாள் என்று தலைப்புகளுக்குக் குறைவில்லை. வருகிற கவிதைகளைப் படித்தால் எல்லாம் ஒரே கையால் எழுதப்பட்டவைபோல் இருக்கும். அன்னை என்றால் தெய்வம், மரம் என்றால் வரம், தமிழ் என்றால் அமுது, ஆசிரியர் என்றால் ஏணி. மாணவர் எங்கோ கேட்டதைத் திருப்பித் தருகிறார். சில நேரம் நாமே எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து வந்து எழுதுகிறார். வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிட்டால் புதுக்கவிதை, மூன்று வரியோடு நிறுத்திவிட்டால் ஹைக்கூ. பரிசும் கிடைத்துவிடுகிறது.

இவ்விரண்டும் ஒரே இடைவெளியின் இரு கரைகள் என்பது என் எண்ணம். இலக்கண வகுப்பில் யாப்பு இருக்கிறது, ஆனால் மாணவர் எழுதுவதில்லை. போட்டியில் மாணவர் எழுதுகிறார், ஆனால் அங்கே யாப்பு இல்லை. இரண்டையும் ஒரே வகுப்பில் சேர்த்துவைத்தால் என்ன நடக்கிறது என்பதைக் கடந்த சில ஆண்டுகளாக எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் பார்த்து வருகிறேன். அதற்கு ஆறு பாடவேளை போதும். அந்த முறையை விளக்குவதே இக்கட்டுரை.

"இந்தக் காலத்தில் யாருக்கு ஐயா வெண்பா? எல்லோரும் புதுக்கவிதைதானே எழுதுகிறார்கள்?" என்று ஆசிரியர் அறையில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கிய பிறகு தமிழ்க் கவிதையின் போக்கு மாறிவிட்டது. அதைத் திருப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாணவர்கள் வெண்பாப் புலவர்கள் ஆக வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை. முதலில் நினைவுக்கு வரும் ஆயத்தச் சொல்லைத் தள்ளிவிட்டு அடுத்த சொல்லைத் தேட வைக்க ஒரு கருவி வேண்டும். "சொந்தமாக யோசித்து எழுது" என்று நூறு முறை சொல்லியும் நடக்காத அந்த வேலையை, "இங்கே நிரை வர வேண்டும், நேர் வந்திருக்கிறது" என்ற ஒரு வரி செய்துவிடுகிறது. அதற்காகத்தான் வெண்பா. அதிலும் குறள் வெண்பா, ஏனென்றால் ஏழே சீர். ஒரு பாடவேளைக்குள் எழுதி, அழித்து, மறுபடியும் எழுத முடியும்.

முதலில் காது

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகளைச் சொல்கிறது. அதில் முதலாவது மாத்திரை, அதாவது ஒலிக்கும் நேரம். காதிலிருந்துதான் தொடங்குகிறது. அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகையோ விதிகளைச் சொல்லும்போதே பாட்டாகச் சொல்கிறது, அதுவும் எதிரில் ஒரு பெண் இருந்து கேட்பதாக வைத்து. கேட்டுக் கற்ற காலம் அது. செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகைப் பாடம் கேட்டதை உ.வே.சா. 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். அவருடைய ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுள்களை வாயால் சொல்லிக்கொண்டே போவார், அருகிலிருப்பவர் ஏட்டில் எழுதிக்கொள்வார். நம் பாடநூலில் யாப்பு அட்டவணையாக இருப்பதால் நாமும் அட்டவணையிலிருந்து தொடங்குகிறோம். காரிகை கற்றுக் கவிபாடுவதைவிடப் பேரிகை கொட்டிப் பிழைக்கலாம் என்ற பழமொழியை மாணவர்கள் மெய்ப்பித்துவிடுவது அப்போதுதான்.

எங்கள் முதல் பாடவேளையில் புத்தகம் மூடியே இருக்கும். நேரசைக்கு மேசையில் ஒரு விரல் தட்டு, நிரையசைக்கு ஒரு கைதட்டு. அவ்வளவுதான் விதி. மழை என்றால் ஒரு கைதட்டு. மாலை என்றால் மேசையில் இரண்டு தட்டு. வயல் ஒரு கைதட்டு, வாய்க்கால் இரண்டு தட்டு. பறவை என்றால் ஒரு கைதட்டு, பிறகு ஒரு தட்டு. குறில் தனித்து நிற்க விரும்பாது, அடுத்த எழுத்தைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு நிரையாகிவிடும். நெடில் தனியாக நிற்கும் என்று சொன்னால் போதும். மெய்யெழுத்து தனியாக நிற்காது, முன்னால் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும். குறில் தனியாக நின்று நேராவது சீரின் கடைசியில் மட்டும்தான் என்பதை யாராவது ஒரு மாணவர் தானாகவே கண்டுபிடித்துச் சொல்லுவார். சொல்லும்வரை காத்திருங்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்க்குமளவுக்குச் சத்தம் இருக்கும் என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவைப்பது நல்லது.

ஊர்ப்பெயர் வெண்பா

இரண்டாம் பாடவேளைக்கு நான் தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களை எடுத்துக்கொள்கிறேன். சமூக அறிவியல் வகுப்பில் ஏற்கெனவே பழகிய பெயர்கள். ஒவ்வொரு பெயரையும் தட்டிப் பார்த்து வகைப்படுத்த வேண்டும். சென்னை, சேலம், தேனி, வேலூர் ஆகியவை தேமா. மதுரை, கடலூர், திருப்பூர் ஆகியவை புளிமா. அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம் ஆகியவை கருவிளம். ஈரோடு, தென்காசி, நாமக்கல், திண்டுக்கல், தஞ்சாவூர் எல்லாம் தேமாங்காய். சிவகங்கை, புதுக்கோட்டை, திருவாரூர் புளிமாங்காய். தருமபுரியும் விருதுநகரும் கருவிளங்காய். காஞ்சிபுரத்தையும் நீலகிரியையும் தட்டினால் கூவிளங்காய். கரூர் மட்டும் ஒரே அசை.

இதில் இரண்டு வேடிக்கைகள் உண்டு. ஒரு மாவட்டப் பெயர்கூடக் கூவிளமாக அமையவில்லை. மாணவர்கள் ஆவடி, பல்லடம், தாம்பரம் என்று மாவட்டத்தைவிட்டு ஊர்களுக்குப் போய்த் தேடிப் பிடிப்பார்கள். இன்னொன்று, மூவசைப் பெயர்களில் நிரையில் முடிந்து கனியாவது தூத்துக்குடி ஒன்றுதான். வெண்பாவில் கனிச்சீர் வராது. "அப்போ எங்க மாமா ஊரு வெண்பாவுக்குள்ள வரவே முடியாதா?" என்று ஒரு மாணவன் உண்மையான வருத்தத்தோடு கேட்டான். முத்துநகர் என்று மாற்றுப்பெயர் சொல்லி இன்னொருவன் சமாதானப்படுத்தினான். முத்/துந/கர் என்று தட்டிப் பார்த்தோம், கூவிளங்காய். அனுமதி கிடைத்துவிட்டது. திருநெல்வேலி, கன்னியாகுமரி, மயிலாடுதுறை போன்ற 11 பெயர்கள் நான்கு அசைகளாக நீள்வதால் அவற்றை ஓரமாக வைத்துவிடுகிறோம்.

இனி வெண்டளை. மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் என்று நாம் சொல்லிக்கொடுக்கும் விதியைத் தட்டும் மொழியில் சொன்னால் இன்னும் சுருங்கிவிடும். ஈரசைச் சீர் எதில் முடிகிறதோ, அடுத்த சீர் அதற்கு மாறானதில் தொடங்க வேண்டும். விரல் தட்டில் முடிந்தால் அடுத்தது கைதட்டு, கைதட்டில் முடிந்தால் அடுத்தது விரல் தட்டு. மூவசைக் காய்ச்சீர் வந்தால் மட்டும் விரல் தட்டுக்குப் பின் மறுபடியும் விரல் தட்டு. இந்த விதிப்படி மாவட்டப் பெயர்களைப் பேருந்து வழித்தடம்போல் கோக்க வேண்டும். முதல் அடியில் நான்கு ஊர், இரண்டாம் அடியில் மூன்று ஊர். கடைசி ஊர் நாள், மலர், காசு, பிறப்பு ஆகிய வாய்பாடுகளில் ஒன்றாக இருக்க வேண்டும். கரூரைத் தவிர வேறு வழியில்லை என்பதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு குழு எழுதியது இது:

மதுரை விழுப்புரம் சேலம் சிவகங்கை
நாமக்கல் தேனி கரூர்

இதில் பொருள் எதுவும் இல்லை, எதுகையும் இல்லை. ஆனால் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், வெண்பாவின் நடை கேட்கும். இப்போது சேலத்தையும் சிவகங்கையையும் இடம் மாற்றிப் படிக்கச் சொல்லுங்கள். விழுப்புரத்துக்குப் பின் சிவகங்கை வந்ததும் நாக்கு இடறும். விளத்தின்முன் நிரை வந்து ஆசிரியத்தளை ஆகிவிட்டது என்ற விளக்கத்தை அதன்பின் சொன்னால் போதும். இடறலைக் காது கேட்டபிறகு பெயர் சொன்னால் அந்தப் பெயர் மறக்காது.

கடைசிச் சொல்லிலிருந்து

மூன்றாம் பாடவேளையில் குறள் வெண்பாவின் கடைசிச் சொல்லைச் சேகரிக்கிறோம். திருக்குறளின் 1330 பாக்களும் குறள் வெண்பாக்களே. ஆளுக்கு ஓர் அதிகாரம் கொடுத்து, பத்துக் குறள்களின் ஈற்றுச் சீரை மட்டும் எழுதிவரச் சொன்னால் வகுப்புக்கே சில நூறு சொற்கள் கிடைக்கும். அவற்றை நான்கு வாய்பாடுகளாகப் பிரித்தபின், அதே அளவுள்ள வீட்டுச் சொற்களைப் பக்கத்தில் எழுத வேண்டும். பால், கால், பூ எல்லாம் நாள். மழை, கடல், குடம் எல்லாம் மலர். வீடு, காற்று, பாட்டு எல்லாம் காசு. விளக்கு, கணக்கு, அடுப்பு எல்லாம் பிறப்பு. காசும் பிறப்பும் குற்றியலுகரத்தில் முடிவதை இங்கே சொல்லிவிடலாம். பட்டியலை வகுப்புச் சுவரில் ஒட்டிவைத்தால் எழுதும்போது அண்ணாந்து பார்த்துக்கொள்வார்கள்.

ஈற்றடியையோ ஈற்றுச் சொல்லையோ கொடுத்துப் பாடச் சொல்வது புலவர்களிடையே இருந்த பழைய பயிற்சிதான். கி.வா. ஜகந்நாதன் எழுதிய 'கவி பாடலாம்', புலவர் குழந்தையின் 'யாப்பதிகாரம்' ஆகிய இரண்டும் யாப்பைப் பழக விரும்பும் ஆசிரியர்களுக்கு நல்ல துணை. நாம் நான்கு குறள் வெண்பாவாவது எழுதிப் பார்க்காமல் வகுப்பில் இதைத் தொடங்க முடியாது. எங்கே கை நிற்கும், எங்கே பொய்ச்சொல் வந்து ஒட்டும் என்பது எழுதினால்தான் தெரியும்.

எதுகைக்கு வருவோம். "ரைமிங்கா எழுதுங்க" என்று மாணவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அவர்கள் குறிப்பிடுவது வரியின் கடைசி ஓசையை. திரைப்பாட்டும் ஆங்கிலப் பாப்பாப் பாட்டும் பழக்கியது அது. நம் இலக்கணத்தில் அதற்கு இயைபு என்று பெயர். ஆனால் தமிழ்ச் செய்யுளின் ஓசை பெரும்பாலும் அடியின் தலையில் இருக்கிறது. முதல் எழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. எதுகைக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. முதல் எழுத்துகள் அளவில் ஒத்திருக்க வேண்டும். பட்டுக்குக் கட்டு எதுகையாகும், பாட்டு ஆகாது. பாட்டுக்குக் காட்டு ஆகும். மோனையில் ஞகரத்துக்கு நகரமும், சகரத்துக்குத் தகரமும், மகரத்துக்கு வகரமும் இனமாக வரலாம். இதைப் பட்டியலாகச் சொல்வதைவிட, ஓர் எழுத்தைக் கரும்பலகையில் எழுதி அதற்கான சொற்களை வகுப்பையே சொல்லவைப்பது பயன் தரும்.

அணில் வந்த கதை

நான்காம் பாடவேளை முழுதும் வகுப்பே சேர்ந்து ஒரு குறள் எழுதுகிறோம். ஜன்னலுக்கு வெளியே தெரிவதைப் பற்றி மட்டும் எழுத வேண்டும் என்பது நிபந்தனை. தலைப்பு கொடுப்பதில்லை. தலைப்பு கொடுத்தால் தெய்வமும் வரமும் அமுதும் வந்துவிடும். சென்ற ஆண்டு மாணவிகள் சிலர் சேர்ந்து முதலில் எழுதிக் கொடுத்தது இது:

மணியடித்த பின்னும் மரத்தடியில் நிற்கும்
குருவிக்கும் உண்டோ பள்ளி

தட்டிப் பார்த்தோம். முதல் அடி முழுதும் சரி. மணியடித்த கருவிளங்காய், அடுத்து நேரில் தொடங்கும் பின்னும். அது தேமா, அடுத்து நிரையில் தொடங்கும் மரத்தடியில். மணிக்கும் மரத்துக்கும் மோனைகூட இருக்கிறது. கடைசியில்தான் இடறியது. உண்டோ என்பது தேமா, அதன்பின் நிரை வர வேண்டும், பள்ளி நேரில் தொடங்குகிறது. சுவரில் இருந்த பட்டியலைப் பார்த்தார்கள். கணக்கு என்றாள் ஒருத்தி. சிரிப்பு வந்தது, அளவும் சரிதான், ஆனால் அவளுக்கே திருப்தியில்லை. பிறகு இன்னொருத்தி விடுப்பு என்றாள். வகுப்பு ஒரு கணம் அமைதியானது. குருவிக்கும் பள்ளி உண்டா என்பது குழந்தைப் பாட்டில் வரும் கேள்வி. குருவிக்கும் விடுப்பு உண்டா என்பது, மணி அடித்ததும் உள்ளே போக வேண்டிய ஒரு பிள்ளை கேட்கும் கேள்வி. அந்தச் சொல்லை நான் கொடுக்கவில்லை. அங்கே நிரை வேண்டும் என்ற விதி கொடுத்தது.

எதுகை இன்னும் இல்லை. மணிக்கு இரண்டாம் எழுத்து ணி. பணி, துணி, அணி என்று பலகை நிரம்பியது. அணி வந்ததும் அணில் வந்தது. அணிலுக்கும் என்றாலும் குருவிக்கும் என்றாலும் ஒரே புளிமாங்காய், தளை கெடாது. எதுகைக்காகக் குருவி பறந்துபோய் அணில் வந்தது. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "ஐயா, அணில் எங்க ஐயா நிக்கும்? அது ஓடிக்கிட்டேதானே இருக்கும்?" நிற்கும் தேமா. ஓடும் தேமா. மாற்றினோம்.

மணியடித்த பின்னும் மரத்தடியில் ஓடும்
அணிலுக்கும் உண்டோ விடுப்பு

கடைசித் திருத்தத்தை யாப்பு கேட்கவில்லை, அணிலைப் பார்த்த பிள்ளை கேட்டது. முந்தைய இரண்டு திருத்தங்களில் சொற்களை இப்படி உற்றுப் பார்க்கப் பழகியதால்தான் அந்தக் கேள்வியே எழுந்தது என்று நினைக்கிறேன்.

சரியாக இருந்தும் போதாதது

ஐந்தாம், ஆறாம் பாடவேளைகளில் தனித்தனியாக எழுதுகிறார்கள். இங்கே ஒரு சிக்கல் வரும். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒரு மாணவன் தன் வீட்டைப் பற்றி எழுதினான். அவனுடைய முதல் வடிவம்:

ஞாயிறும் திங்களும் ஒன்றென்று நாள்தோறும்
தாயவள் செய்வாள் வேலை

முதல் அடியைப் பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சி. ஞாவுக்கும் நாவுக்கும் மோனை, ஞாயிறுக்கும் தாயவளுக்கும் எதுகை. அவன் திட்டமிட்டுச் செய்தானா என்று தெரியாது. பள்ளி நாளையும் விடுமுறை நாளையும் பக்கத்தில் வைத்ததும் நல்ல தொடக்கம். இரண்டாம் அடியில் செய்வாள் என்ற தேமாவுக்குப் பின் வேலை என்று நேர் வந்து தளை தட்டியது. ஈற்றுச் சீரின் நான்கு வாய்பாட்டிலும் வேலை அடங்காது. அவனே கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டு வந்தான்: தாயவள் செய்யும் உழைப்பு. விளத்தின்முன் நேர், மாவின்முன் நிரை, ஈற்றில் பிறப்பு. இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. தேர்வாக இருந்தால் முழு மதிப்பெண்.

ஆனால் உழைப்பு என்பது அவன் சொல் அன்று. அது பாடநூலின் சொல், மேடையின் சொல். யாப்பு சரியாகிவிட்டதென்று இங்கே நிறுத்திவிட்டால், அன்னை தெய்வம் என்று எழுதும் போட்டிக் கவிதைக்கும் இதற்கும் தளையைத் தவிர வேறுபாடு எதுவும் இருக்காது. இந்த இடத்தில் ஆசிரியருக்கு இரண்டு ஆசைகள் வரும். ஒன்று, பாராட்டி முடித்துவிடுவது. மற்றொன்று, நாமே ஒரு நல்ல சொல்லை எழுதிக் கொடுத்துவிடுவது. இரண்டையும் அடக்கிக்கொள்ள வேண்டும். நான் அவனிடம் இரண்டு கேள்விகள் கேட்டேன். "தாயவள் என்பதில் அவள் எதற்கு? அதை எடுத்துவிட்டால் பொருளில் என்ன குறையும்?" ஒன்றும் குறையாது என்றான். சீரை நிரப்ப வந்த சொல் அது. தான், ஆம், அன்றோ, அவள், அது போன்றவை அசையை நிரப்ப வந்து உட்காரும். அவற்றை அடையாளம் காண மாணவர்கள் விரைவில் பழகிவிடுவார்கள். இரண்டாம் கேள்வி, "ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ கண் விழித்ததும் உங்கள் வீட்டில் முதலில் எதைப் பார்ப்பாய்?"

உடனே பதில் வரவில்லை. மறுநாள் ஏட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

ஞாயிறும் திங்களும் ஒன்றென்று நாள்தோறும்
தாயிடம் சொல்லும் அடுப்பு

தாயவளும் கூவிளம், தாயிடமும் கூவிளம். உழைப்பும் பிறப்பு, அடுப்பும் பிறப்பு. அலகிட்டால் இரண்டு வடிவங்களுக்கும் ஒரே வாய்பாடுதான் வரும். அலகிடுதல் இந்த வேறுபாட்டைக் காட்டாது. எந்த மதிப்பெண் திட்டமும் காட்டாது. ஆனால் அடுப்பு என்ற சொல் அந்தப் பையனின் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. விடியற்காலையில் விறகடுப்பின் முன் உட்கார்ந்திருக்கும் அம்மாவை அவன் பார்த்திருக்கிறான். உழைப்பு என்று எழுதும்போது அம்மாவைப் புகழ்ந்தான், அடுப்பு என்று எழுதும்போது அம்மாவைக் கவனித்தான்.

அதைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் படிக்கலாமா என்று அவனிடம் கேட்டேன். வேண்டாம் ஐயா என்றான். படிக்கவில்லை. இங்கேயும் அவனுடைய ஒப்புதலோடுதான் பெயரும் ஊரும் இல்லாமல் எழுதுகிறேன். சொந்தச் சொல்லை எழுதச் சொல்லும்போது வீட்டின் கதவும் கொஞ்சம் திறக்கும். தெய்வம், வரம் என்று எழுதும் கவிதையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அதில் அவர்கள் வீடு இல்லை. இப்படிப்பட்ட கவிதைகளைச் சுவரில் ஒட்டுவதற்கு முன்பும், தேன்சிட்டு போன்ற இதழ்களுக்கு அனுப்புவதற்கு முன்பும் எழுதியவரைக் கேட்பது கட்டாயம். சிலர் உடனே சரி என்பார்கள். சிலர் பெயரில்லாமல் போடச் சொல்வார்கள். சிலருடைய ஏடு அவர்களிடமே இருக்கட்டும்.

திருத்தும் முறை பற்றிச் சில சொற்கள். சிவப்பு மையால் சொல்லை அடித்து நாம் வேறு சொல்லை எழுதுவது கூடாது. தளை தட்டும் இடத்தின் கீழ் ஒரு புள்ளி மட்டும் வைக்கிறேன். காரணத்தை மாணவர் கண்டுபிடிக்க வேண்டும். முதல் முயற்சியில் வகையுளி வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். பழம்பாடல்களில் ஓசைக்காகச் சொல்லைப் பிளந்து இரண்டு சீருக்குப் பங்கிடுவது உண்டு. தொடக்கத்திலேயே அதை அனுமதித்தால் சொல் தேடும் உழைப்பு நின்றுபோகும். எத்தனை பேர் பிழையில்லாமல் எழுதினார்கள் என்ற கணக்கையும் நான் வைப்பதில்லை. எத்தனை முறை திருத்தினார்கள் என்று ஏட்டில் பார்க்கிறேன். முதல் வடிவம் முதல் கடைசி வடிவம்வரை எதையும் அழிக்காமல் கோடு போட்டு அடித்துவிட்டு அடுத்ததை எழுத வேண்டும் என்பது எங்கள் ஏட்டின் விதி. மெல்லக் கற்கும் மாணவர்கள் என்று நாம் குறித்துவைக்கும் சிலர் தட்டுவதில் எல்லோரையும் முந்திவிடுகிறார்கள். பறையோ கோலாட்டமோ பழகிய பிள்ளைக்கு அசை என்பது புதிய செய்தி அன்று.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இதில் எதை எடுத்துக்கொள்ளலாம்? நேர், நிரை என்ற பெயர்கள் அந்த வயதில் தேவையே இல்லை. தட்டும் விளையாட்டு மூன்றாம் வகுப்பிலேயே நன்றாக நடக்கும். அதோடு தலையொலி விளையாட்டு. காய்கறிக் கூடையிலிருந்து கத்தரிக்காயை எடுத்துக்காட்டி, இரண்டாம் ஒலி 'த்' வரும் சொற்களைக் கேட்டால் பத்து, முத்து, சத்தம், சுத்தம் என்று வரும். பாத்திரம் என்று ஒரு குழந்தை சொன்னால் தவறென்று சொல்ல வேண்டாம். இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிக் காட்டி எது நெருக்கமாக ஒலிக்கிறது என்று கேளுங்கள். அந்தக் குழந்தை ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது எதுகைக்கு நாங்கள் தனி வகுப்பு எடுக்க வேண்டியிருக்காது.

குறள் வெண்பா கைவந்த மாணவர்கள் நான்கடி நேரிசை வெண்பாவைத் தாங்களே கேட்டு வருவார்கள். அதில் இரண்டாம் அடியின் ஈற்றில் முதலிரண்டு அடிகளின் எதுகையோடு ஒரு தனிச்சொல் வர வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகச் சிலர் ஒரு வாரம்கூட அலைவார்கள். பாடத்திட்ட நெருக்கடி இல்லாத நேரம் பார்த்துத் தொடங்க வேண்டிய வேலை அது. அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறக்கும் முதல் வாரத்தை நான் அதற்கு வைத்துக்கொள்கிறேன்.